இரண்டாவது மைக்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு ஹாலில் எங்கள் பேண்டு வாசிக்கும். பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம். ஒரு செட்டு ஐம்பத்தைந்து நிமிஷம், அப்படி மூன்று செட்டு. நடுவில் பதினைந்து நிமிஷம் வீதம் இரண்டு இடைவேளை. பேண்டின் லீடர் என் அண்ணன், கீபோர்டு வாசிப்பவன். பாடுகிறவள் அவன் மனைவி, என் அண்ணி. டிரம்ஸ்காரரை இடி என்று கூப்பிடுவோம். கிடார்காரர் வாயே திறக்கமாட்டார் என்பதால் அவருக்குப் பட்டப்பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நான் ஹாலின் பின்சுவரை ஒட்டிய மிக்சர் மேஜையில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் வாசிக்கும்போது ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்குவதும், அவர்கள் இறங்கிப் போனதும் ரெக்கார்டு பாட்டுப் போடுவதும் என் வேலை.

இடைவேளைப் பாட்டுப் போடுவதில் என்ன இருக்கிறது, பட்டனைத் தட்டினால் வந்துவிட்டுப் போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. கைதட்டல் பாதியாகக் குறையும்போது பாட்டு உள்ளே வந்திருக்க வேண்டும். முழுக்கத் தட்டி முடிக்கவிட்டால் ஹாலில் ஓர் ஓட்டை விழும்; அதற்குள் ஸ்பூன் சத்தம் புகுந்துகொள்ளும்; அப்புறம் அதை வெளியே தள்ள இரண்டு பாட்டாவது செலவாகும். சத்தம் பேண்டின் சத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. பேண்டு வாசிக்கிற எந்தப் பாட்டும் இடைவேளையில் வரக் கூடாது. அண்ணன் கீபோர்டின் மேல்கோடிக் கட்டையை இரண்டு தட்டுத் தட்டினால் எட்டு விநாடிக்குள் பாட்டைக் கரைத்துவிட வேண்டும். இவையெல்லாம் அண்ணன் போட்ட சட்டம். அண்ணி போட்ட சட்டம் ஒன்றுதான்: இடைவேளையில் பெண் குரல் கேட்கக் கூடாது.

"ஜனங்க காது பதினஞ்சு நிமிஷம் என் குரலுக்குப் பட்டினி கிடக்கணும்" என்பாள். "நடுவுல வேற எவளாவது வந்து சாப்பாடு போட்டுட்டுப் போகக் கூடாது."

இதையெல்லாம் நான் ஆறு வருஷம் பிசகாமல் செய்தேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது மேஜை அல்ல. மேடையில் இரண்டு பாட்டு மைக் வைக்க இடம் உண்டு. ஒன்றில் அண்ணி நிற்பாள். இன்னொன்று பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஜோடிப் பாட்டில் ஆண் குரலை அண்ணன் கீபோர்டில் குனிந்தபடியே பாடுவான். ஜலதோஷம் பிடித்தவன் முகவரி சொல்வது மாதிரி இருக்கும். அந்த இரண்டாவது மைக் எனக்கு வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒத்திகையின்போது வாய்விட்டுக் கேட்டேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி, "பாடு தம்பி, கேப்போம்" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முழுப் பாட்டையும் கேட்டாள். நடுவில் நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. முடிந்ததும் கண்ணைத் திறந்து சொன்னாள்:

"நல்ல குரல்தான் தம்பி. குளிக்கும்போது குழாயை மட்டும் மூடிடாத. அந்தத் தண்ணி சத்தம் உனக்கு ரொம்ப முக்கியம்."

இடி சிரித்த சிரிப்பில் குச்சி இரண்டும் கீழே விழுந்தன. பேசாத கிடார்காரரும் சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் குழாய். பேண்டுக்குள் மட்டும் என்றால் சரி. ஒவ்வொரு ஞாயிறும் முதல் செட்டு முடிந்ததும் அண்ணி மைக்கிலேயே சொல்வாள்: "இப்ப நாங்க போய்ட்டு வந்துடறோம். அதுவரைக்கும் பின்னாடி உக்காந்திருக்கற எங்க குழாயோட கச்சேரி." தட்டும் கையுமாக இருநூறு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் பாட்டைத் திறப்பேன். ஒருமுறைகூட ஓட்டை விழவிட்டதில்லை.

அண்ணியின் குரல் உடைய ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். மேஜையில் ஹெட்போன் உண்டு. எந்த மைக்கின் பட்டனை அமுக்குகிறேனோ அந்த மைக் கேட்பது எல்லாம் என் காதுக்கு மட்டும் தனியாக வரும்; பாட்டு, மூச்சு, பாட்டுக்கு நடுவே அவர்கள் கிசுகிசுப்பது, எல்லாம். ஒரு ஞாயிறு மேல் சுருதிக்குப் போகும் இடத்தில் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த ஞாயிறும் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டையில் தடிப்பு இருக்கிறது, மூன்று மாசம் வாயே திறக்காதீர்கள் என்றார். அண்ணி வழக்கம்போலப் பாடினாள்.

அண்ணன் பாட்டுகளின் சுருதியை இரண்டு படி இறக்கினான். கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் உண்டு, யாருக்கும் தெரியாது. 'ஏணிப் பாட்டு' என்று எங்களுக்குள் ஒன்று உண்டு. ஏணி மாதிரி மூன்று முறை ஏறும், மூன்றாவது ஏற்றத்தில் உச்சியில் நின்று நீளமாகப் பிடிக்க வேண்டும். அண்ணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு. அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். அவள் மேலே போகும் இடம் நெருங்கும்போது இடது கையின் உள்ளங்கையைத் தரையைப் பார்த்து லேசாக இறக்குவாள். நான் மிக்சரில் அவள் மைக்கின் நெம்பைக் கீழே இழுத்து, கீபோர்டையும் டிரம்ஸையும் மேலே தள்ளுவேன். கிழிசல் உள்ளேயே மூடிக்கொள்ளும். நாலு மாசம் அப்படித்தான் ஓடியது. அந்த நாலு மாசமும் அவள் என்னைக் குழாய் என்பதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். ஹால் 'ட' வடிவத்தில் இருக்கும். மடங்கிப் போகும் பகுதியில், சமையலறைக் கதவுக்கு எதிரே, அவர் மேஜை. அங்கிருந்து பரிமாறுகிறவர்கள் எல்லோரையும் பார்க்கலாம். மேடையை மட்டும் பார்க்க முடியாது. பாட்டு ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கும். எந்தப் பாட்டாவது பிடித்திருந்தால் சப்ளையரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து மறுபடி பாடச் சொல்வது அவர் வழக்கம். மூன்றாவது வாரம் அண்ணனைக் கூப்பிட்டார்.

"பாடுறவங்க குரல் கொஞ்சம் தளந்து போச்சோ? அடுத்த ஞாயிறும் கேக்கறேன். அப்புறம் பேசுவோம்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டாள், "தளந்து போச்சுன்னா என்ன அர்த்தம்?"

"தளந்து போச்சுன்னு அர்த்தம்" என்றான் அண்ணன்.

அந்த வாரம் அவள் ஒருவரிடமும் பேசவில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினாள். வெந்நீர், ஆவி, கழுத்தில் துணி. புதன்கிழமை நானே அவள் அறை வாசலில் போய் நின்றேன்.

"அண்ணி, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க அதே ஹால்ல பாடுன ஏணிப் பாட்டு எங்கிட்ட இருக்கு. மிக்சர்லேருந்தே நேரா எடுத்தது. முதல் இடைவேளையில அதைப் போட்டுடறேன். சத்தத்தைக் குறைக்காம, பேண்டு வாசிக்கற அளவுக்கே வெக்கறேன். மேனேஜருக்கு மேடை தெரியாது. நீங்க பாடறீங்கன்னுதான் நெனப்பாரு."

அவள் எழுதுவதை மறந்து பேசிவிட்டாள். "மத்தவங்களுக்குத் தெரியுமே."

"தெரியட்டும். அவங்களா முடிவு பண்றாங்க?"

"மாட்டிக்கிட்டா?"

"மேஜையில நான் இருக்கேன்ல."

கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்தாள். பிறகு, "குழாய்க்கு மூளை இருக்குன்னு இந்த வீட்ல யாருமே சொல்லலியே" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான். அண்ணனிடம் சொன்னபோது, "என்னமோ பண்ணுங்க, எனக்குத் தெரியாது" என்றான். அவனுக்கு எல்லாமே தெரியாமல் நடந்தால்தான் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை. முதல் செட்டைப் பாதி மூச்சிலேயே ஓட்டினாள். உள்ளங்கை ஏழு முறை இறங்கியது. ஏழு முறையும் நான் மூடினேன். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு, அன்றைக்கு மட்டும் குழாய் அறிவிப்பு இல்லாமல், அவர்கள் இறங்கினார்கள். கைதட்டல் பாதியாகும்போது ஏணிப் பாட்டைத் திறந்தேன், முழுச் சத்தத்தில். அந்தக் குரல் வந்ததும் முன்மேஜைகளில் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காலி மேடையைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவே எழுந்துவிட்டார். மூன்றாவது ஏற்றம் முடிந்ததும் மடங்கிய பகுதியிலிருந்து கைதட்டல் வந்தது. ஆளில்லாத மேடைக்கு அத்தனை கைதட்டலை நான் கேட்டதில்லை.

அண்ணி மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் வெந்நீர் டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெரிந்தது. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில் என் பக்கமாகத் தட்டு எடுத்துப்போன சப்ளையரை நிறுத்தினேன்.

"சார் ரசிச்சாரா?"

"தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு தம்பி."

"பிடிச்சிருந்தா சீட்டு குடுக்கச் சொல்லுங்கண்ணே. அண்ணி இன்னொரு தரம் பாடுவாங்க. அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்."

நான் செய்தது அவ்வளவுதான். எழுதச் சொல்லிக் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

இரண்டாவது செட்டின் முதல் பாட்டு முடிந்ததும் சீட்டு மேடைக்கு வந்தது. அண்ணன் பிரித்துப் படித்துவிட்டு அண்ணியிடம் நீட்டினான். நான் அவள் மைக்கின் பட்டனை ஹெட்போனுக்கு அமுக்கினேன்.

"இறக்கிப் போடறேன்" என்றான் அண்ணன்.

"இறக்கினா தெரிஞ்சிரும். இப்பத்தான கேட்டிருக்காரு."

"உன்னால முடியாதுடி."

"தெரியும்." மைக்கை நேராக்கிக்கொண்டு சொன்னாள்: "தம்பி பாத்துக்குவான்."

அந்த வார்த்தையைக் கேட்டது நான் ஒருவன்தான். அண்ணன் அதற்குள் கீபோர்டுக்குத் திரும்பிவிட்டான், இடி தாளம் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

முதல் ஏற்றத்தைத் தந்திரமாகக் கடந்தாள், பாதி பாடி, பாதியைப் பேச்சு மாதிரி விட்டு. இரண்டாவதில் காகிதம் கிழிந்தது, உள்ளங்கை இறங்கியது, நான் மூடினேன். அவள் என் பக்கம் பார்த்து ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தாள். நன்றி சொல்கிறாளாம். மூன்றாவது ஏற்றம் வந்தது. உள்ளங்கை இறங்கியது. நான் கீபோர்டையும் டிரம்ஸையும் கீழே இழுத்துவிட்டு அவள் மைக்கை இரண்டு விரற்கடை மேலே தள்ளினேன்.

அந்தச் சத்தத்தை என்னவென்று எழுதுவது. சாத்திக்கிடந்த இரும்புக் கதவை யாரோ இழுத்துத் திறந்த மாதிரி, ஹாலின் நாலு மூலைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. முன்மேஜையில் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணி நிறுத்தவில்லை. உள்ளங்கையை இன்னும் இறக்கினாள், இன்னும், கடைசியில் கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. நான் இன்னும் ஒரு விரற்கடை ஏற்றினேன்.

பாட்டு முடிந்தபோது மேனேஜர் மடக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். மேடைக்கு அருகில் போய் அண்ணனிடம் பேசினார். அண்ணியின் மைக் திறந்தே இருந்தது. ஹெட்போனில் எல்லாம் கேட்டது.

"மொதல்ல பாடுச்சே, அந்தப் பொண்ணு எங்க?"

அண்ணன் கீபோர்டில் குனிந்தான்.

"பன்னெண்டே முக்காலுக்கு மேல ஒரு பொண்ணு இதே பாட்டைப் பாடுச்சே, என்ன குரல். அதையே வெச்சுக்கங்க. இந்தம்மாவை எதுக்கு நிக்க வெச்சுக் கஷ்டப்படுத்தறீங்க? பாவம், வயசாகிப் போச்சு."

இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணி நின்றிருந்தாள். அந்தப் பொண்ணு நான்தான் என்று சொல்ல அவளுக்கு ஒரு விநாடி போதும். சொன்னால் ரெக்கார்டு போட்டு ஏமாற்றியது வெளியே வரும், பேண்டே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மேனேஜரைப் பார்த்தான்.

"அடுத்த வாரத்துலேருந்து அந்தப் பொண்ணுதான் சார்" என்றான்.

மூன்றாவது செட்டில் பாட்டே இல்லை, வெறும் வாத்தியம்தான். வேனில் திரும்பும்போது இடிகூட ஜோக் அடிக்கவில்லை. பாதி வழியில் அண்ணி முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"மைக்கை ஏத்துனியா தம்பி?"

"கை தவறிடுச்சு அண்ணி."

"ரெண்டு தரமா?"

அவள் அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இல்லாத பெண்ணை அண்ணன் மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டான். கிடார்காரரின் தங்கை, குரல் வளம் உண்டு, அனுபவம் கிடையாது. ஒத்திகையில் தனியாகப் பாடினால் நடுங்கினாள். பக்கத்தில் ஓர் ஆண் குரல் நின்றால் தைரியம் வரும் என்று நான் சொன்னேன். அண்ணன் யோசித்துவிட்டு, "சரி, நீயே நில்லு" என்றான். பெட்டியைத் திறந்து இரண்டாவது மைக்கை அவனே எடுத்துக் கொடுத்தான். அன்று ராத்திரி சாப்பிட்டது என்னவென்றுகூட எனக்கு நினைவில்லை.

"அப்ப மேஜையில யாரு?" என்றார் இடி.

"நான் பாத்துக்கறேன்" என்று கதவருகிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "வாய்க்கு வேலை இல்லாத உத்தியோகம்தானே. டாக்டருக்கும் சந்தோஷம்."

எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் மைக் கையில் இருந்தது. நானே மூன்று நாள் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: எந்த நெம்பு யாருடையது, ஹாலுக்குப் போகும் சத்தம் எது, பாடுகிறவர் காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம் எது, இரண்டையும் எப்படித் தனித்தனியாக வைப்பது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல மாணவி. ஒரே சந்தேகத்தைத்தான் இரண்டாவது முறை கேட்டாள்.

"காலடி ஸ்பீக்கர்ல ஒருத்தருக்குத் தன் குரல் நல்லா கேட்டா, ஹால்லயும் கேக்குதுன்னு நெனச்சுக்குவாங்க இல்ல?"

"ஆமா அண்ணி. எல்லாரும் அப்படித்தான்."

அதையும் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினேன். புதுப் பெண் இடது பக்கம், நான் வலது பக்கம். முதல் பாட்டிலேயே என் குரல் காலடி ஸ்பீக்கரிலிருந்து திரண்டு எழுந்தது. அத்தனை சுத்தமாக நான் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. புதுப் பெண்ணுக்கு நடுக்கம் போய்விட்டது. மேனேஜரிடமிருந்து இரண்டு சீட்டு வந்தன. இடைவேளையில் அண்ணி பாட்டைத் திறந்த விதத்தில் நூல் நுழைய ஓட்டை இல்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

கீழே இறங்கித் தண்ணீர் குடிக்கும்போது அதே சப்ளையர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தம்பி, பல்லு வலியா?"

"ஏண்ணே?"

"வாய் மட்டும் அசையுது, சத்தம் வரலியே. சரி, பொண்ணுக்குத் துணைக்கு நிக்கறாப்லன்னு நெனச்சேன்."

மேஜைக்குப் போனேன். என் மைக்கின் நெம்பு அடிமட்டத்தில் கிடந்தது. காலடி ஸ்பீக்கருக்கான குமிழ் மட்டும் முழுக்கத் திருகியிருந்தது. அண்ணி ஹெட்போனைக் கழற்றவில்லை. கையை மேலே தூக்கி, இரு என்று காட்டினாள். அண்ணன் கட்டையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டான். அவள் எட்டு எண்ணிப் பாட்டைக் கரைத்தாள். நான் மேடைக்கு ஓட வேண்டியதாயிற்று. மிச்ச இரண்டு செட்டும் பாடினேன். பாடாமல் சும்மா நின்றால் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன்.

"தெரியும். ரெண்டாவது பாட்டுலயே கவனிச்சேன்" என்றான். "முதல் பிரேக்ல மேனேஜர்கிட்ட கேட்டேன். இன்னிக்குத்தான் பேண்டு சுத்தமா இருக்குன்னாரு. எதுக்கு மாத்தணும்?"

"அப்ப நான் எதுக்கு நிக்கறேன்?"

"மேடை நெறஞ்சு தெரியுதுல்ல. நீ நின்னாத்தான் அந்தப் பொண்ணுக்கு நடுங்கல."

உள்ளே அண்ணி சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என் தட்டில் குறைவில்லாமல்தான் வைத்திருந்தாள். மேஜைக்குத் திரும்பிப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அந்த இடத்தில் ஆள் இருக்கிறதே என்றான்.

ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. ஹாலுக்குக் கேட்காவிட்டால் என்ன, எனக்குக் கேட்கிறதே என்று பாடினேன். ஆறாவது வாரம் முதல் இடைவேளையில் புதுப் பெண் மேஜைக்குப் போய் அண்ணியிடம் ஏதோ சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, காலடி ஸ்பீக்கர்ல இவரோட சத்தம் எனக்கு இடைஞ்சலா இருக்கு. சுருதி அங்கங்க விலகுது. எடுத்துட முடியுமா?"

"இதோ" என்றாள் அண்ணி.

குமிழைத் திருக அரை விநாடிகூட ஆகவில்லை. இப்போது நான் பாடுவது எனக்கும் கேட்பதில்லை. மூச்சு எடுக்க வேண்டிய இடங்களில் மட்டும் தவறாமல் எடுக்கிறேன். முன்மேஜைகளிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்.